அயர்லாந்து விதையும் கருவாட்டுத் தண்ணியும்

இயேசு மரி சூசை துணை

தங்கச்சிமடம்,
பிப்ரவரி 4

அன்புள்ள மகள் அனிட்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா காத்த அளவில் இங்கே நான், அப்பா, உன் மதினி ஜெனோவா மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் குளிரில் முடங்கிப் போகாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உனக்கென்று பத்து மணியைத் தனியாக உருட்டிச் சொல்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். வீட்டுக்கு ஒரு போன், அதையும் ஸ்பீக்கரில் போட்டால்தான் அப்பாவுக்குக் கேட்கும், அப்புறம் வீட்டுக்குள் யாருக்கு எது கேட்காமல் போகும் சொல். இப்போது நான் சொல்லப் போவதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. எட்டாம் வகுப்புக் கையெழுத்து, பிழை இருந்தால் சிரிக்காதே. அங்கே அயர்லாந்தில் உன்னோடு வேலை பார்க்கிற கீழக்கரைப் பிள்ளை அம்ரீனுடைய உம்மா ஹமீதா பானு அடுத்த வாரம் மகளைப் பார்க்க விமானம் ஏறுகிறார்களாம், அவர்கள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உனக்கு நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ கட்டி வைத்தேன், அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, லீமா, ஏர்போட்டுல என்னையச் சேத்து இறக்கி விட்டுருவாங்க என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். பொடி செய்து இன்னொரு தடவை அனுப்புகிறேன்.

அப்பா இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகிறார். தோள்பட்டை பிடித்துக்கொண்டது, எண்ணெய் தேய்த்துவிட்டால் உறுமுகிறார், தேய்க்காவிட்டால் அதற்கும் உறுமுகிறார். இமானுவேலுடைய வள்ளத்தில்தான் போகிறார். உன் அண்ணனோடு போய்க் கரை வந்து சேர்ந்த அதே இமானுவேல்தான். நாலு வருசத்துக்கு முன்னால் பிப்ரவரி ஆறாம் தேதி காற்றடித்து வள்ளம் கவிழ்ந்தது, நாலு பேரில் மூன்று பேர் வந்தார்கள், உன் அண்ணன் ரெக்ஸ் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. உனக்குத் தெரியாததா, ஆனாலும் எழுதுகிறேன், என் கையால் இதை ஒரு தடவைகூட நான் எழுதியது கிடையாது. கடைசியாகப் பார்க்கும்போது அவன் டீசல் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்தான் என்று இமானுவேல் சொன்னதை வைத்துத்தான் நான் இத்தனை நாளும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேன் கையில் இருக்கிறவன் எப்படி மூழ்குவான், அக்கரையில் எங்காவது ஏறியிருப்பான், யாராவது பிடித்து ஜெயிலில் வைத்திருப்பார்கள், விடுதலைக் காகிதம் வர நேரமாகும் என்று ஊரையெல்லாம் நம்ப வைக்கப் பார்த்தேன். போன வருசம் ஈஸ்டர் அன்றைக்கு நீ போனில் அழுதுகொண்டே, அம்மா அண்ணன் செத்துட்டான்மா, ஒத்துக்கோம்மா என்று சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ தடவை பேசினோம், சாப்பிட்டியா, தூங்குனியா, மழை பெய்யுதா. அவன் பெயரை நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அக்டோபரில் அம்ரீன் லீவுக்கு வந்தவள் நீ கொடுத்தனுப்பிய அந்த இரண்டு விதைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே நீலப் பூப் படம். ஜெனோவாதான் எழுத்துக் கூட்டி ஃபர்கெட் மி நாட் என்று வாசித்து, என்னை மறந்துராதன்னு அர்த்தம் மாமி என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இங்கே யார் மறந்தார்கள், ஒரு பூ வந்து ஞாபகப்படுத்தவேண்டிய நிலையிலா நான் இருக்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். விதையைப் பத்து நாள் குளிரில் வைத்துவிட்டு விதைக்கவேண்டும் என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்பா கேட்டார். குளிருன்னா இதவிடக் குளிரு எங்கன இருக்கு என்று ஒரு பொட்டலத்தை எடுத்து வள்ளத்து ஐஸ் பெட்டிக்குள் சொருகிக் கடலுக்கே கொண்டுபோய்விட்டார். சாளை மீனுக்கும் சூடை மீனுக்கும் நடுவில் உன் அயர்லாந்து விதை நாலு தடவை கடல் போய் வந்தது மகளே. ஐஸ் உருகிய தண்ணீர் உள்ளே இறங்கிப் பொட்டலம் உப்பிப் போய்விட்டது. ஜெனோவா அதை அலசி விதைத்துப் பார்த்தாள், எறும்புதான் வந்தது, செடி வரவில்லை. அந்த மனுசனைத் திட்டித் தீர்த்தேன், ஆனால் உள்ளுக்குள் எனக்கு நிம்மதி. ஏன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை, இல்லை, விளங்கிற்று, ஒத்துக்கொள்ள மனம் இல்லை.

மிச்சப் பொட்டலத்தை ஜெனோவா எடுத்துக்கொண்டாள். ஃப்ரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் பத்து நாள் வைத்தாள். நம் ஊர் மணலில் இது நிற்காது என்று உச்சிப்புளிக்குப் பஸ்ஸில் போய்ச் செம்மண் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள், கண்டக்டர் அதற்குத் தனியாக ஒரு பாட்டுப் பாடினானாம். மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, கோணி ஊசியால் அடியில் ஓட்டை போட்டு, ஆட்டுப் புழுக்கையைப் பொடித்துக் கலந்து நவம்பர் முதல் வாரம் மழை ஈரத்தில் விதைத்தாள். விதை இருட்டில்தான் முளைக்கும் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, அதற்காக ஈரச் சாக்கைப் போட்டு மூடி, தினமும் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். முளைத்ததும் பழைய வலையை நாலாக மடித்து மேலே கட்டி நிழல் கொடுத்தாள். கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது என்று நாம் குடிக்கிற தண்ணீரைச் செம்பில் எடுத்து ஊற்றுவாள். பதினொரு செடி நின்றது. இலையெல்லாம் பூனைமயிர் விட்டு எலிக்காது போல இருக்கும். கிறிஸ்துமஸுக்குச் சட்டை எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்றவள் அந்தப் பெட்டியைச் சுற்றி வண்ணத் தாள் ஒட்டினாள்.

எதற்காக வளர்க்கிறாள் என்பதை அவள் என்னிடம் மறைக்கவில்லை. மாமி, பிப்ரவரி ஆறாம் தேதி இத எடுத்துட்டுப் போயிக் கல்லறையில நட்டுருவோம், தாத்தா கல்லறைக்குப் பக்கத்துல எடம் இருக்கு, மாமா சிலுவைக்குச் சொல்லிட்டாக என்றாள். கடலோடு போனவர்களுக்கு நம் ஊரில் வெறும் சிலுவைதான், கீழே ஒன்றும் இருக்காது, அது உனக்குத் தெரியும். நான் ஆடித் தீர்த்துவிட்டேன். உசுரோட இருக்கிறவனுக்குக் குழி தோண்டுறீங்களா, பெத்தவ நான் இருக்கையில ஒங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா என்று கத்தினேன். அப்பா எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார். ஜெனோவா வலையை விலக்கித் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். இன்னொன்றும் எனக்குள் கிடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு அவள் அம்மா பாம்பனிலிருந்து வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எம்புள்ளைக்கு இருபத்தேழு வயசு, தாலியும் கழுத்துல கெடக்கு, புருசனும் இல்ல, நீங்களும் பொம்பள புள்ளையப் பெத்தவுக, யோசிங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். சிலுவை நட்ட அன்றைக்கு இவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மகனும் இல்லை, மகளும் கடல் தாண்டி, இவளும் போனால் நான் யாருக்குச் சோறு வடிப்பேன்.

ஜனவரி இருபதாம் தேதி காலையில் மாமி மாமி என்று அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் பாம்புதான் வந்துவிட்டது என்று விளக்குமாற்றோடு ஓடினேன். முந்தின நாள் ரோஸ் நிறமாக இருந்த மொட்டு அன்றைக்கு நீலமாக விரிந்திருந்தது. மூக்குத்தி அளவுதான், நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு. ஜெனோவா சிரித்தாள் அனிட்டா. நாலு வருசத்தில் அந்தப் பிள்ளை பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். போட்டோ பிடித்து உனக்கு அனுப்பினாள், நீயும் இதயம் இதயமாகப் போட்டிருந்தாய். நானோ ஆறாம் தேதியை நினைத்தேன். இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது என்று மனம் எண்ணிவிட்டது. மத்தியானம் அவள் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போனாள். நான் கருவாட்டுத் தொட்டியைத் திறந்தேன். மீன் மூன்று நாள் ஊறிய உப்புத் தண்ணீர், கையில் புண் இருந்தால் உயிர் போகும் அந்தத் தண்ணீரில் இரண்டு செம்பு மொண்டு வந்து பதினொரு செடிக்கும் ஊற்றினேன். மேலே வாடை தெரியாமல் இருக்க நல்ல தண்ணீர் கொஞ்சம் தெளித்தேன். செடி ஒன்றைக்கூட விடவில்லை. அதையும் உனக்குச் சொல்லிவிடவேண்டும்.

மூன்றாம் நாள் செடியெல்லாம் வெந்த கீரையாகிப் படுத்துவிட்டது. சீமைச் செடிக்கு நம்மூரு வெயிலு ஆகுமா என்று நானே முதலில் ஆரம்பித்தேன். ஜெனோவா உனக்குப் போன் போட்டு, நாந்தான் சரியாப் பாக்கல அனிட்டா, நீங்க ஆசையாக் குடுத்து விட்டத நான் காப்பாத்தல என்று விக்கி விக்கி அழுதாள். நீ அங்கிருந்து, பரவாயில்ல மதினி, அது குளிர்ச் செடிதானே, உங்க மேல தப்பு இல்ல என்று ஆறுதல் சொன்னாய். ஸ்பீக்கரில் எனக்கு எல்லாம் கேட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கணவாய் மீன் அறுத்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. உன்னிடமும் அவளிடமும் நான் செய்த துரோகம் அது மகளே. செடியைக் கொன்றதைவிட அவளை அழவிட்டு உட்கார்ந்திருந்தேனே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் அவள் நம் ஊர்ப் பெண் என்பதை நான் மறந்துவிட்டேன். மணலில் ஊற்றுத் தோண்டினால் நம் பெண்கள் என்ன செய்வார்கள், முதல் கை அள்ளி நாக்கில் வைத்துத்தானே நல்ல தண்ணீரா கரிப்பா என்று பார்ப்பார்கள். உன்னிடம் பேசி முடித்த அன்று சாயங்காலம் பெட்டியைக் கவிழ்க்கப் போனவள் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், குழம்பில் மீன் தலையை எப்போதும் போல என் தட்டில்தான் வைத்தாள். ஒரு நாள் மத்தியானம் இரண்டு பேரும் கொல்லையில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே, மாமி மண்ணு கரிச்சுச்சு என்றாள். நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். ஆமாடி ஊத்துனேன், என்ன இப்ப என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் சண்டை போடவில்லை. என்ன சொன்னாள் தெரியுமா, மாமி, அவுக உசுரோட இருந்தாக்க நாம வைக்கிற பூசை வீணாப் போகட்டும், வந்து நம்மளப் பாத்துச் சிரிக்கட்டும். ஆனா இல்லாமப் போயிருந்தா நாலு வருசமா அவுகளுக்கு ஒரு மெழுகுதிரி ஏத்தல, ஒரு பூசை வைக்கல, மோட்சத்துக்குப் போக முடியாம உத்தரிக்கிற தலத்துல இருந்துக்கிட்டு நம்ம ஆத்தாகூட நமக்கு ஒரு செபம் சொல்லலையேன்னு நெனைக்க மாட்டாகளா என்றாள்.

நான் அவளை வாயை மூடச் சொன்னேன்.  அன்றைக்கு ராத்திரி செபமாலை முடிவில் வழக்கம்போல, யாரும் நினையாத ஆன்மாக்களுக்காக என்று ஒரு பரலோக மந்திரம் சொல்லத் தொடங்கினேன். சின்னப் பிள்ளையிலிருந்து சொல்கிறேன், உனக்கும் அவனுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அநாதையாகச் செத்தவர்களுக்கு யார் வேண்டுவார்கள் பாவம், நாம் வேண்டுவோம் என்று. பாதி மந்திரத்தில் நின்றுவிட்டேன். அந்தக் கூட்டத்துக்குள் என் பிள்ளையும் ஒருத்தனா. நான் பெற்றவனுக்கு யார் யார் வீட்டிலோ யாரும் நினையாதவன் என்று செபம் சொல்கிறார்களா. செபமாலையைக் கீழே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டேன். ஜெனோவா வந்து நெஞ்சைத் தடவிவிட்டாள், அப்பா தண்ணீர் கொண்டுவந்தார், நாலு வருசமாக நான் அழாத அழுகையெல்லாம் அன்றைக்கு அழுதேன். அவள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். நீயும் ஒங்க அம்மா வீட்டுக்குப் போறதுன்னா போ தாயி, நான் தடுக்கமாட்டேன், வேற நல்லது அமைஞ்சா அதுக்கும் நானே முன்னால நிப்பேன் என்று சொன்னேன். பூசை முடியட்டும் மாமி என்றாள், அவ்வளவுதான். போவாளா இருப்பாளா எனக்குத் தெரியாது. நீயும் அவளைக் கேட்டுத் தொந்தரவு செய்யாதே.

நேற்றுக் காலை நான் தனியாகவே கோயிலுக்குப் போனேன். பூசை எழுதுகிற உபதேசியார் என்னைப் பார்த்ததும் நோட்டைத் திருப்பி, எப்பவும் போலதானம்மா, கடல் போன மகன் ரெக்ஸ் சுகமாத் திரும்பி வர என்று அவரே எழுத ஆரம்பித்துவிட்டார். பாவம், நாலு வருசமாக என் முகத்தைப் பார்க்காமலேதான் அதை எழுதுகிறார். இல்லை, அடிச்சுடுங்க என்றேன். மரித்த எங்கள் மகன் ரெக்ஸ் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று எழுதச் சொன்னேன். அவர் முதலில் எழுதியதை அடித்துவிட்டு அதை எழுதினார். வயது என்று கேட்டார். முப்பத்து மூன்று என்று வந்துவிட்டது எனக்கு. ஒவ்வொரு வருசமும் அவன் பிறந்த நாளுக்குப் பாயசம் வைத்து ஒவ்வொரு வயதாக நான்தானே ஏற்றிக்கொண்டு வந்தேன். அவர் எழுதப் போனார், நான் மேசையைத் தட்டி நிறுத்தி, இல்ல, இருபத்தொன்பதுன்னு போடுங்க என்றேன். அந்த நாலு வயதையும் என் வாயாலேயே இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தேன் அனிட்டா, வெயிலில் கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் வீடு என்று தெரியவில்லை.

ஆறாம் தேதி காலை ஆறு மணிப் பூசை, அப்புறம் கல்லறையில் சிலுவையை நட்டு மந்திரிப்பார்கள். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நட ஒரு செடியும் இல்லை, ஜெனோவா கடையில் செவ்வந்தி வாங்கலாம் என்கிறாள், வாங்கட்டும். நீ தோது கிடைத்தால் இன்னொரு பொட்டலம் விதை அனுப்பு, ஐப்பசியில் நானே விதைக்கிறேன், அப்பா கையில் மட்டும் கொடுக்கக் கூடாது. நடந்தது உனக்குத் தெரியும் என்று உன் மதினியிடம் காட்டிக்கொள்ளாதே, ஆனால் அன்றைக்கு அவள் அழுத அழுகைக்கு அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை உன் வாயால் சொல், அது நான் பட்ட கடன். நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே, தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊர்க் குளிருக்குக் காது மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் சனிக்கிழமையாவது பூசை காண்.

மாதா உனக்கு முன்னும் பின்னும் நடந்து காப்பாள், அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் ஒன்று செய். செபம் சொல்லும்போது அண்ணனை இனிமேல் மரித்தவர்களோடு சேர்த்துக்கொள். நீ நாலு வருசமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பாய், அம்மாவுக்குத் தெரியும், எனக்குப் பயந்து மெதுவாகச் சொல்லியிருப்பாய். இனிமேல் சத்தமாகவே சொல்லு மகளே.

இப்படிக்கு,
ரெக்ஸுக்கும் அனிட்டாவுக்கும் அம்மா,
ம. லீமாரோஸ்